லைன் வீட்டை வடக்கத்தி ஆட்களுக்கு வாடகைக்கு விடலாமா?

கேள்வி – ஜூன் 5

கேரளத்தில், பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய லைன் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. பீகார், ஒடிசா ஆட்கள் கேட்டு வருகிறார்கள். கட்டட வேலை, கோழிப்பண்ணை வேலை. பேசிய வாடகையைக் கொடுப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தெருவில் ஒருத்தருக்கும் இஷ்டமில்லை. இவர்கள் வந்த பிறகுதான் திருட்டு, கஞ்சா, குப்பை, காய்ச்சல் எல்லாம் வந்தது, உள்ளூர்க்காரனுக்குக் கூலியும் போச்சு என்கிறார்கள். சும்மா சொல்கிறார்களா, உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா? நாமே இங்கே தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறவர்கள், நமக்கு எதற்கு வம்பு என்கிறார் அம்மா. கொழிஞ்சாம்பாறையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அக்கா இங்கே எழுதுவாரே, அவர் என்ன சொல்கிறார்?

ஜூன் 5, இரவு

கொடுங்கள் தம்பி. காரணத்தை ஒரே நாளில் எழுதி முடிக்க முடியாது, கடை மூடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

தெருவில் அடுக்குகிறார்களே திருட்டு, கஞ்சா, குப்பை, காய்ச்சல், கூலி என்று, அது எனக்கு நன்றாகத் தெரிந்த பட்டியல். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் நான் வளர்ந்தது இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில். அங்கே இதெல்லாம் எங்கள் தலையில் கிடந்தது. தோட்டத்தில் மூட்டை காணாமல் போனால் முதலில் பாண்டிக்காரன் லயத்தைத்தான் சோதிப்பார்கள். பாண்டிக்காரன் என்றால் தமிழன், லயம் என்றால் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடு. இப்போது நாம் சோதிக்கிற பக்கம் நிற்கிறோம்.

ஒன்று செய்து பாருங்கள். இவர்கள் மேல் சொல்கிற ஒவ்வொரு பழியையும் தனித்தனியாக எடுத்து, இதற்குப் பதில் சொல்ல வேண்டிய உள்ளூர்க்காரர் யார் என்று கேளுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார். நமக்குச் சொந்தக்காரராகவோ, கடன் கொடுத்தவராகவோ, கோயில் கமிட்டியில் இருப்பவராகவோ இருப்பார். அவரைக் கேட்க வாய் வராது. வடக்கத்திக்காரனைக் கேட்பதற்கு வாய் வரும், ஏனென்றால் அவனுக்குத் திருப்பிச் சொல்ல மொழி கிடையாது, ஓட்டும் இங்கே கிடையாது.

ஜூன் 6

குப்பையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது என் கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அங்கே ஒரு லைன் வீடு. ஓட்டுக்கூரை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு, ஜன்னல் என்று எதுவும் இல்லை. ஒரு அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள். ஆள் கணக்கில் வாடகை. வரிசை முழுவதற்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு கக்கூஸ், அதற்கும் கதவு கீழே அரித்துப் போய்ச் சாக்கு கட்டியிருக்கிறது. காலையில் கையில் பிளாஸ்டிக் பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். ஏழு மணிக்குக் காண்ட்ராக்டர் வண்டி ஹாரன் அடிக்கும். வரிசையில் கடைசியில் நிற்கிறவன் என்ன செய்வான்? புதர்ப் பக்கம் போவான். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கைபேசியில் படம் பிடித்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்.

ஹரித கர்ம சேனைப் பெண்கள் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள், அதற்கு மாதாமாதம் காசு கொடுக்கிறோம். அந்த லைன் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. கேட்டேன். அங்கே யார் பெயரில் பணம் வாங்குவது என்று தெரியவில்லையாம், உரிமையாளர் தர மாட்டேன் என்கிறாராம், குடியிருப்பவர்களிடம் நேரில் யாரும் கேட்டதில்லையாம். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகும்? வாய்க்காலில்தான்.

இதில் எந்த இடத்தில் பீகார்க்காரன் வருகிறான்? கக்கூஸ் கட்ட வேண்டியவர் உரிமையாளர். பத்துப் பேரை அடைத்ததும் அவர்தான். அவரைத் தெருவில் பார்த்தால் எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள்.

ஜூன் 8

‘திருட்டைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பிக்கவில்லை.

எங்கள் உறவினர் ஒருவருடைய தென்னந்தோப்பில் மோட்டார் கேபிள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கம்பிக்காக. தோப்புக்கு அடுத்த காட்டில் செங்கல் சூளை, அங்கே ஒடிசாப் பையன்கள். அன்றைக்கே போய் அவர்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். கம்பி இல்லை. இல்லாதது அவர்களுக்குச் சாதகமாகவில்லை, ‘அதற்குள் விற்றுவிட்டான்’ என்றார்கள். பையன்கள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகும் கேபிள் போகிறது. இப்போது சந்தேகப்படுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாததால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறார்கள். செம்பை எடைக்கு வாங்குகிற இடத்தை இப்போதுதான் விசாரிக்கவும் செய்கிறார்கள். முதல் தடவையே அதைச் செய்திருக்கலாம்.

இன்னொன்று, இது என் தொழிலோடு சேர்ந்தது. 2018 ஜனவரியில் கேரளம் முழுக்க ஒரு பீதி. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அது பிள்ளை பிடிக்கிற கூட்டம் வைத்த அடையாளம், வடக்கத்திக்காரர்களும் தமிழ் நாடோடிகளும் சேர்ந்து செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள். கடைக்கு ஆள் மேல் ஆள் ஓடி வந்தார்கள். நான் ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிப் போய்ப் புது ஷீட்டைக் காட்டினேன். கண்ணாடி லாரியில் நிறுத்தி வைத்துத்தான் வரும். ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழாமலிருக்க ஓரத்தில் விரல்நகம் அளவுக்குக் கறுப்பு ரப்பர் துண்டு ஒட்டியிருப்பார்கள். பிரேமில் மாட்டுகிற பையன் உரித்துப் போடாவிட்டால் அது அப்படியே ஜன்னலில் இருந்துவிடும். வருடக்கணக்காக அது அங்கேயே இருந்திருக்கும், வாட்ஸ்அப் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. போலீசும் இதையேதான் சொன்னது, முதலமைச்சரும் சட்டசபையில் பீதி வேண்டாம் என்றார். அதற்குள் பல இடங்களில் பிச்சை எடுத்தவர்களையும் பழைய பொருள் பொறுக்கியவர்களையும் அடித்திருந்தார்கள்.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று சாக்கைக் கொட்டினார்கள். பிளாஸ்டிக் பாட்டில், உடைந்த குடம், மடித்து வைத்த ஒரு சேலை. அவர் கும்பிட்டுக்கொண்டே தமிழில் பேசினார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள்.

ஜூன் 9

‘ஆலுவாவில் செத்த குழந்தையை மறந்துவிட்டீர்களா’ என்று கேட்டவருக்கு.

மறக்கவில்லை. 2023 ஜூலையில் அந்த ஐந்து வயதுக் குழந்தையைக் கொன்றவன் பீகாரிலிருந்து வந்தவன். அதே நவம்பரில் எர்ணாகுளம் போக்சோ நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. சரி. குழந்தை யாருடையது? அதுவும் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பதியின் குழந்தை. அந்த அம்மாவையும் சேர்த்துத்தானே ‘இவர்களை எல்லாம் விரட்டு’ என்கிறீர்கள்?

குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கொடுக்கச் சட்டம் இருக்கிறது, கொடுத்தது. அவன் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தண்டனை என்றால் அந்தக் குழந்தையின் அப்பாவும் அதில் அடக்கம்.

ஜூன் 12

கூலி. இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வியும் இதுதான்.

முதலில் எண்களைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி வெளியிடும் கையேட்டின்படி 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளிக்குக் கேரளத்தில் சராசரி நாள்கூலி 852.5 ரூபாய். நாட்டின் சராசரி 393.3. மத்தியப் பிரதேசத்தில் 278.7. விவசாயக் கூலி கேரளத்தில் 764.3, நாட்டின் சராசரி 345.7. நிதி, வரி பற்றி ஆராயும் கேரள அரசின் நிறுவனமான குலாத்தி இன்ஸ்டிடியூட் 2013லேயே இங்கே வேலை செய்யும் வெளிமாநிலத்தவர் ஏறக்குறைய 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அத்தனை பேர் வந்து பத்து வருடம் ஆன பிறகும் நாட்டிலேயே அதிகக் கூலி கேரளத்தில்தான். அவர்கள் வந்தால் கூலி விழுந்துவிடும் என்பது உண்மையானால் இது எப்படி?

ஆனால் சராசரி வேறு, பையன் கைக்கு வருவது வேறு. என் கடைக்கு பிரேம் போட வருகிற ஜார்க்கண்ட் பையன் முன்பு ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தான். உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதைவிட அவனுக்கு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது குறைவு. கட்டட உரிமையாளரிடம் காண்ட்ராக்டர் வாங்குவதோ முழுக் கூலி. நடுவில் நின்றுவிட்ட பணம் உள்ளூரில்தான் இருக்கிறது, புது பைக்காகவும் மாடி வீடாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் கூட்டி வரும் தொழிலாளிக்கு அதே வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்கு உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சம கூலியை மட்டும் ஒழுங்காகக் கொடுக்க வைத்தால் காண்ட்ராக்டருக்கு வெளியாளைத் தேடிப் போகிற ஆசையே பாதி குறையும், உள்ளூர்க்காரருக்கும் வேலை நிலைக்கும். அதைக் கேட்டு ஊர்வலம் போக வருகிறவர்கள் யாரையும் நான் இங்கே பார்க்கவில்லை.

ஜூன் 14

நேற்று நல்ல மழை. பாலக்காட்டுச் சித்தூர் போகிற வழியில் நடவு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு ஜூன் 12 குறிப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கத் தோன்றுகிறது.

வங்காளத்து ஆட்கள் நடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் ஆண்கள். தலையில் பாலிதீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, இடது கையில் நாற்று முடியை வைத்துக் கட்டைவிரலால் இரண்டு மூன்று பயிராகப் பிரித்துத் தள்ளி, வலது கையால் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். கயிறு பிடிப்பதில்லை, வரிசை கோணாமல் வருகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. நாள்கூலி இல்லை, அதனால் மழை வலுத்தாலும் கரையேறுவதில்லை. நாற்று பறிப்பதும் அவர்களே.

இதே வயல்களில் முன்பு நட்டது நம் பெண்கள். பாட்டுப் பாடி நட்டார்கள் என்று எழுதி அழகு பார்க்க எனக்கு இஷ்டமில்லை. என் மாமியார் நட்டவர், அவருடைய இடுப்பு எனக்குத் தெரியும். அவருடைய மகள்கள் யாரும் வயலில் இறங்கவில்லை, அவரும் இறங்கவிடவில்லை. ஒருத்தி ஜவுளிக்கடையில், ஒருத்தி ஆஸ்பத்திரியில். வயல் தரிசாகக் கிடக்கும் என்ற நிலை வந்தபோதுதான் விவசாயிகள் வங்காளத்து ஆட்களைத் தேடிப் போனார்கள்.

ஆனாலும் இதில் நஷ்டப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஐம்பது தாண்டிய பெண்கள் சிலருக்கு இந்த வேலை இன்னும் வேண்டும். ஏக்கர் கணக்கில் பேசும் இடத்தில் அவர்களால் ஈடுகொடுக்க முடியாது, நாள்கூலிக்குக் கூப்பிட ஆளில்லை. அரசின் ஊரக வேலை உறுதித் திட்ட வேலைநாள் போதவில்லை. அவர்களின் கோபத்தை வெறும் துவேஷம் என்று நான் தள்ள மாட்டேன். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘அவன் கெட்டவனில்லை, ஆனா எனக்குச் சோறு வேணுமே.’ இதற்குப் பதில் தர வேண்டியது விவசாயியும் பஞ்சாயத்தும். களை எடுப்பு, நாற்றங்கால் வேலை ஆகியவற்றையாவது இவர்களுக்கென்று நாள்கூலியில் வைக்கலாம். ஒரு பாடசேகர சமிதி, அதாவது நெல்வயல் விவசாயிகள் சங்கம், செய்தால் போதும், மற்றவர்கள் பார்த்துச் செய்வார்கள்.

ஜூன் 15

‘நட வங்காளத்து ஆள், அறுக்க ஆத்தூர் மெஷின், சாப்பிடும்போது மட்டும் பாலக்காட்டு மட்டை’ என்று ஒருவர் போட்டிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். அறுவடை மெஷின் டிரைவர்கள் நம் சேலம் மாவட்டத்துப் பையன்கள், வயலோரம் வண்டிக்குக் கீழேயே படுத்து எழுகிறார்கள். அவர்களைப் பற்றியும் சில ஊர்களில் புகார் இருக்கிறது. குடிக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள் என்று. அறுவடை நேரத்தில் மெஷின் வரத் தாமதமானால் புகார் கொடுத்தவரே நாலு தடவை போன் அடிக்கிறார்.

ஜூன் 19

2011 பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

இடுக்கியில் அந்த வருடம் சின்னச் சின்ன நில அதிர்வுகள். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பயம் நவம்பரில் தீயாகப் பரவியது. பயம் பொய்யில்லை, அணைக்குக் கீழே வீடு இருப்பவர் பயப்படத்தான் செய்வார். வழக்கு டெல்லியில், பேச்சு இரண்டு தலைநகரங்களில். இதில் ஏலக்காய் பறிக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு என்ன பங்கு? அணையின் தண்ணீர் அவர் பெயரில் பட்டாவா? ஆனால் டிசம்பரில் குமுளியிலும் உடும்பஞ்சோலைப் பக்கத் தோட்டங்களிலும் அடி விழுந்தது அவர்களுக்கு.

என் சித்தி உடும்பஞ்சோலைத் தோட்டம் ஒன்றில் இருந்தார். இரவில் லயத்துக் கதவைத் தட்டி, விடிவதற்குள் போய்விடு என்றார்கள். ரோட்டில் போக முடியாது என்று காட்டு வழியாகத் தேவாரம் பக்கம் இறங்கியவர்களோடு அவரும் இறங்கினார். ஒரு கையில் பேத்தி, தலையில் மூட்டை. கீழே வந்து கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கியது. ஏலக்காய் பறிக்க ஆளில்லாமல் தோட்டத்துக்காரர்களே திரும்ப ஜீப் அனுப்பினார்கள். கம்பம், போடி, உத்தமபாளையத்திலிருந்து விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகள் முன்பு போலவே ஓடத் தொடங்கின.

சித்திக்கு அந்த வாரக் கூலியும் அதற்கு முந்தைய பாக்கியும் கடைசிவரை வரவில்லை. ‘நீதானே சொல்லாமல் ஓடினாய்’ என்றார்களாம். இதை நான் அடிக்கடி நினைக்கிறேன். ஊரே அணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, ஒரு முதலாளி சத்தமில்லாமல் கூலியை மிச்சம் பிடித்துவிட்டார். இன்றைக்கு வடக்கத்திக்காரனை விரட்டும்போதும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, அவனுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பதுதான்.

ஜூன் 20

நேற்றையதைப் படித்துவிட்டுத் தேனிப் பக்கத்திலிருந்து சிலர் ‘அவனுங்க அப்படித்தான்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்துங்கள். அதே டிசம்பரில் தமிழ்நாட்டுப் பக்கம் மலையாளிகளின் கடைகளை உடைத்ததும் நடந்தது. டீக்கடை வைத்திருந்தவருக்கு அணையில் என்ன பங்கு? என் சித்தி காட்டில் இறங்கியதை, இன்னொருவர் கடையை உடைப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.

நாம் பட்டதற்குக் கணக்கு எழுதினால் நீளமாகப் போகும். 1960களின் கடைசியில் பம்பாயில் ‘மதராசி’கள் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று அடித்தார்கள். 1991இல் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவுக்காகப் பெங்களூரில் தமிழர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலிகள். மரத்தை வாங்கிக் கப்பலேற்றுகிறவர்களில் அன்று அந்தக் காட்டில் செத்தவர் ஒருவர்கூட இல்லை.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு உதவ வேண்டும்? அடுத்தவன் மேல் கை ஓங்கும்போது நினைவுக்கு வரத்தான்.

ஜூன் 24

காய்ச்சல். மழை பிடித்துவிட்டது, டெங்கு செய்தி வர ஆரம்பித்துவிட்டது, கூடவே ‘வங்காளிகள் கொண்டுவந்தது’ என்ற செய்தியும்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. நம் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கும் சிரட்டை, இதெல்லாம்தான் அதன் வீடு. லைன் வீட்டில் பிரிட்ஜே கிடையாது.

மலேரியா கொஞ்சம் வேறு. அது இன்னும் இருக்கிற ஊர்களிலிருந்து வருகிற ஒருவர் ரத்தத்தில் கிருமி இருக்கலாம், இதை மறைக்கத் தேவையில்லை. அதற்குத்தான் சுகாதார ஊழியர்கள் தங்குமிடங்களுக்குப் போய் ரத்தம் எடுக்கிறார்கள். காய்ச்சல் வந்தவன் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லோருக்கும் பாதுகாப்பு. நோயைக் கொண்டுவந்தவன் என்று விரல் நீட்டினால் அவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவான், கொசு அவனையும் கடித்து உங்களையும் கடிக்கும்.

ஜூன் 27

கஞ்சா. சுருக்கமாக. தமிழ்நாட்டு எல்லையில் வாளையார் வழியாகப் பிடிபடுகிற செய்திகளைப் படிக்கிறவர்கள், பெயர்களையும் படியுங்கள். எல்லா ஊர்ப் பெயரும் இருக்கிறது, நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது. வாங்குகிறவன் இல்லாமல் விற்கிறவன் வருவதில்லை. பள்ளிக்கூட வாசலில் வாங்குகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

ஜூலை 1

‘இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா, யாரும் யாரையும் கொல்லவில்லையே’ என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

கொன்றிருக்கிறார்கள், இதே பாலக்காட்டு மாவட்டத்தில். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் ஓர் ஆதிவாசி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று கையைக் கட்டி, கூட நின்று படம் எடுத்துக்கொண்டே அடித்தார்கள். அவர் செத்துப்போனார். அவர் எங்கிருந்தும் வந்தவரில்லை, அந்த மலைக்கு அவரைவிடச் சொந்தக்காரர் கிடையாது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகும், 2025 டிசம்பரில் வாளையாருக்குப் பக்கத்தில் அட்டப்பள்ளத்தில், சத்தீஸ்கரிலிருந்து வேலை தேடி வந்த ஒருவரைத் திருடன் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். ‘நீ பங்களாதேஷா’ என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை அம்மா ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்துக் கொன்றார்கள். அவரும் தமிழ்தான் பேசினார்.

தம்பி, உங்கள் தெருவில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் ஐந்தாறு வாக்கியங்கள்தான் அங்கேயும் முதலில் டீக்கடையில் சொல்லப்பட்டவை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஜூலை 3

கேள்வி கேட்ட தம்பியின் அண்ணன் குவைத்தில் இருப்பதாக இன்று எழுதியிருக்கிறார். அப்படியானால் 2024 ஜூன் 12 மங்காப் தீ விபத்தை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த கட்டடம். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நெடும்பாசேரியில், கொச்சி விமான நிலையத்தில் இறக்கிய 31 உடல்களில் 23 மலையாளிகள், 7 தமிழர்கள், ஒருவர் கர்நாடகக்காரர். அன்றைக்கு இங்கே ஒருவர்கூட ‘இத்தனை பேர் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் இப்படித்தான்’ என்று சொல்லவில்லை. கட்டட முதலாளி யார், கம்பெனி யார், அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அதை நம் தெரு லைன் வீட்டு வாசலில் நின்றும் கேட்க வேண்டும்.

2023 கேரள இடம்பெயர்வுக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் 22 லட்சம் பேர், அந்த வருடம் ஊருக்கு வந்த பணம் 2,16,893 கோடி ரூபாய். இங்கே வேலை செய்கிறவன் தன் வீட்டுக்குப் பணம் அனுப்பினால் ‘நம்ம காசு வெளியே போகுது’ என்கிறார்கள். குவைத்தில் யாராவது உங்கள் அண்ணனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

ஜூலை 4

‘அவர்கள் வராவிட்டால் நமக்குத்தான் கஷ்டம், அதனால் நன்றாக நடத்த வேண்டும்’ என்று ஒருவர் ஆதரவாக எழுதியிருக்கிறார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் முதலாளிகள் பதறியது அந்தப் பதற்றம்தான். அது போதாது என்று நினைக்கிறேன். நாளைக்கு நடவு மெஷின் வந்து அவர்கள் தேவையில்லாமல் போனால் அடிக்கலாமா? ஆள் உபயோகமா இல்லையா என்று பார்த்து மரியாதை கொடுப்பது எங்களை ஏலத்தோட்டத்தில் நடத்திய முறை. பறிப்பு சீசனில் ‘அக்கா’, சீசன் முடிந்தால் வேறு பெயர்.

ஜூலை 8

கடைசியில் வீட்டைக் கொடுக்க முடிவெடுத்துவிட்டதாகவும், என்னென்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். நான் செய்தால் இப்படிச் செய்வேன்.

அறைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கணக்கில் வாடகை வாங்காதீர்கள், அறைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். அப்போதுதான் ஆளைத் திணிக்கத் தோன்றாது. முதலில் இன்னொரு கக்கூஸ் கட்டுங்கள், அப்பா கட்டியது ஒன்றுதான் என்றால் போதாது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போடுங்கள். ஹரித கர்ம சேனைக்கான பணத்தை வாடகையோடு சேர்த்து நீங்களே வாங்கிக் கட்டிவிடுங்கள். மொட்டைமாடித் தொட்டியை மூடி வையுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யக் கேரள அரசு 2023இல் தொடங்கிய ‘அதிதி’ போர்ட்டலில் அவர்களைப் பதிவு செய்யுங்கள், அதற்குத் தொழிலாளர் அலுவலகத்தில் உதவுவார்கள். அவர்களுக்கான அரசின் ஆவாஸ் காப்பீடு பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஆதார் நகல் வாங்குவது தப்பில்லை, எந்த வாடகைதாரரிடமும் வாங்குவதுதான். ஒரிஜினலை வாங்கிப் பூட்டி வைப்பது மட்டும் கூடாது. சில உரிமையாளர்கள் அப்படிச் செய்கிறார்கள், காண்ட்ராக்டர்களும் செய்கிறார்கள்.

காண்ட்ராக்டரிடம் சாவி கொடுக்காதீர்கள். குடியிருக்கிறவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் கூலித் தகராறு வந்தால் இரவோடு இரவாகச் சாமானை வெளியே வீசுவது அவர்தான், கெட்ட பெயர் உங்களுக்கும் அந்தப் பையன்களுக்கும்.

தெருக் கூட்டத்தில் பேச அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நானும் வருகிறேன். சங்கத் தலைவர் வீட்டுக் கண்ணாடி முழுக்க எங்கள் கடைதான் போட்டது, முகம் தெரியும். அட்வான்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தை ஹிந்தியில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும், என் கடைப் பையன் ஞாயிற்றுக்கிழமை வருவான், மத்தியானச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்புங்கள்.